எம்.ஐ.ஏ. பற்றி எழுதும்போது எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? அந்த இசை எப்படிச் செய்யப்பட்டது?

வெள்ளைத்தாள்:

லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. (மாதங்கி ‘மாயா’ அருட்பிரகாசம்) பற்றி ஒரு சிற்றிதழுக்கு நீண்ட கட்டுரை தயாராகிறது. தமிழில் இணையத்தில் கிடைப்பதில் முக்கால்வாசி “யாழ்ப்பாணத்தில் பிறந்து உலகை வென்ற பெண்” ரகம். பாட்டு எப்படி உருவானது என்று ஒரு வரி இல்லை. தெரிந்தவர்கள் இவற்றை மட்டும் தெளிவாக்கினால் போதும்:

முதல் பாட்டு ‘கலாங்’ ஒரே ஒரு பெட்டியில் செய்தது என்கிறார்களே, அது உண்மையா? அந்தப் பெட்டி என்ன செய்யும், என்ன செய்யாது?

‘காலா’ ஆல்பத்தில் நம்மூர் உறுமி இருக்கிறதாம். எந்தப் பாட்டில்? எப்படிக் கேட்டால் பிடிபடும்?

‘பேப்பர் பிளேன்ஸ்’ யாருடைய இசை? அது அவருடையதே அல்ல என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்.

சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) மேடையில் விரல் காட்டிய விவகாரம் எப்படி முடிந்தது?

அரசியல் பற்றிய விவாதம் வேண்டாம். அதற்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

கரவெட்டிக்காற்று:

முதலில் உங்கள் கேள்வியிலேயே ஒரு பிழை. அந்த ஆல்பம் ‘காலா’ அல்ல, ‘கலா’. அது அவருடைய அம்மாவின் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ரஜினி படம் மாதிரி எழுதிவிடுகிறார்கள். முதல் ஆல்பம் ‘அருளர்’, 2005. அது அப்பாவின் இயக்கப் பெயர். இரண்டாவது ‘கலா’, 2007. மூன்றாவது ‘மாயா’, 2010. நாலாவது ‘மாதங்கி’, 2013. அப்பா, அம்மா, வீட்டில் கூப்பிடும் பெயர், பிறப்புப் பெயர் என்று வரிசையாக வருகிறது. தமிழ் வாசகருக்கு இது ஒரு பார்வையிலேயே விளங்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பந்தி விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாதங்கி தசமகா வித்தைகளில் ஒருத்தி, இசைக்கும் பேச்சுக்கும் உரிய தேவி. அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அடுத்து, எல்லாக் கட்டுரையிலும் திரும்பத் திரும்ப வருகிற பிழைகள்.

அவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில் அல்ல. 1975 ஜூலை 18, லண்டன், ஹவுன்ஸ்லோ. ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். இடையில் கொஞ்ச காலம் மதராஸ், பிறகு மறுபடி யாழ்ப்பாணம். 1986இல் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன். இருந்த இடம் மிச்சம், ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்கிற அரசுக் குடியிருப்பு.

அப்பா அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். புலிகள் இயக்கத்தவர் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதியது மேற்கத்தியப் பத்திரிகைகள்தான். அதைப் பார்த்து அப்படியே தமிழாக்கிக் கொண்டிருக்கிறோம். அரசியல் வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் இது அரசியல் கருத்து இல்லை, வெறும் தகவல். பிழையாக அச்சானால் முதல் வாசகர் கடிதமே இதற்காகத்தான் வரும்.

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ‘ஓ சாயா’வுக்கு ஆஸ்கர் கிடைத்தது என்று எழுதாதீர்கள். 2009 விழாவில் அது பரிந்துரை பெற்றது, ரஹ்மானோடு சேர்ந்து. வென்றது அதே படத்தின் ‘ஜெய் ஹோ’.

‘கலாங்’ தமிழ்ச் சொல் அல்ல. ஜமைக்கா வழக்கு, ‘போய்க்கொண்டே இரு’ என்கிற மாதிரி. ‘கலங்கு’ என்பதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

மேடைப் பெயர் ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’ என்பதன் சுருக்கம்; போர்க்களத்தில் காணாமல் போனவர் என்று பொருள். அதோடு லண்டனின் ஆக்டன் பகுதியை வைத்து ‘ஆக்டனில் காணாமல் போனவர்’ என்கிற சிலேடையும் உண்டு. இரண்டையும் சொன்னால்தான் அதிலுள்ள குறும்பு தெரியும்.

நான்குதடம்:

பெட்டி பற்றி. ரோலண்ட் எம்.சி. 505, 1998இல் வெளிவந்தது. குரூவ்பாக்ஸ் என்பார்கள். தாளம் போடும் டிரம் மெஷின், ஒலியை உருவாக்கும் சிந்தசைசர், போட்டதை வரிசையாகத் திரும்ப வாசிக்கும் சீக்வென்ஸர் மூன்றும் ஒரே உடம்பில். முன்பக்கம் 16 பட்டன். ஒரு பாட்டர்னில் 8 பகுதிகள்: ஒன்று தாளத்துக்கு, மீதி 7 பேஸ், லீடு, எதுவேண்டுமானாலும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கத் தனி ஃபேடர், ஒலியை நிறுத்தத் தனி மியூட். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 64 ஒலிகள். மேலே கையை ஆட்டினால் ஒலி மாறும் ஒரு ஒளிக்கற்றைச் சென்ஸாரும் உண்டு.

செய்யாதது என்ன? இது சாம்பிளர் அல்ல. வெளியிலிருந்து ஒரு சத்தத்தைப் பதிந்து வெட்டி வாசிக்க முடியாது. உள்ளே இருக்கிற ஒலிகள்தான். இந்த ஒரு தகவல் பல கட்டுரைகளின் கற்பனையைக் காலி செய்துவிடும். “505இல் உலக இசைகளைச் சாம்பிள் செய்தார்” என்று எங்காவது படித்தால் நகர்ந்துவிடுங்கள்.

அது அவர் கைக்கு வந்த வழி தனிக் கதை. சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸில் அவர் படித்தது இசை அல்ல, கலை, திரைப்படம். எலாஸ்டிகா இசைக்குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்து, அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போனார். அந்தப் பயணத்தில் முன்வாசிப்பு பீச்சஸ் என்ற பெண். ஒற்றை ஆளாக 505ஐ வைத்துக்கொண்டு மேடையை நிரப்புகிறவர். நீயும் செய் என்று அவர்தான் தூண்டினார். குழு வேண்டாம், வாத்தியம் வாசிக்கத் தெரிய வேண்டாம் என்பதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு வேறு என்ன வேண்டும்?

டெமோ ஆறு பாட்டு. கருவிகள்: 505, பழைய நான்கு தட டேப் ரெக்கார்டர், ஒரு மைக். அவ்வளவே. ‘ஒரே பெட்டியில் செய்தது’ என்பது பாதி உண்மை. டெமோ அப்படி. ‘கலாங்’ வெளிவந்த வடிவத்தைத் தயாரிப்பாளர்கள் ஸ்டீவ் மேக்கியும் ராஸ் ஆர்டனும் திருத்தி அமைத்தார்கள். எழுதியவர்கள் பட்டியலில் மாயாவோடு அவர்கள் இருவரும், எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனும் இருக்கிறார்கள். 2003இல் ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ் 500 வினைல் மட்டும் அச்சடித்தது. அது டிஜேக்கள் கைமாறிக் கைமாறி, எக்ஸ்.எல். நிறுவனம் ஒப்பந்தம் செய்து 2004இல் மறுபடி வெளியிட்டது.

இனி, அந்தக் கட்டமைப்பு பாட்டை எப்படி வடிவமைக்கும் என்பது. நான்கு தட டேப்பில் 505ஐ ஸ்டீரியோவாக இறக்கினால் இரண்டு தடம் போய்விடும். மிச்சம் இரண்டு. ஒன்றில் பிரதான குரல், மற்றதில் இரட்டிப்புக் குரல். கோரஸுக்கு இன்னும் குரல் வேண்டுமானால் இருப்பவற்றை ஒன்றாக்கி இன்னொரு டேப்பில் இறக்கி இடம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டேப் இரைச்சல் கூடும், மேல் அதிர்வெண்கள் மங்கும், பழையதை மீட்கவும் முடியாது. அதனால் இந்த வகைப் பதிவில் எல்லோரும் தன்னிச்சையாக ஒரே முடிவுக்கு வருவார்கள்: குறைந்த வரி, நிறைய திரும்பச் சொல்லல், ஒருவரே இரண்டு மூன்று பேர் மாதிரி கத்துவது. ‘கலாங்’கின் கும்மி போன்ற கோஷத்தை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

சோதித்துப் பார்க்க 505 வாங்க வேண்டியதில்லை. எந்த இலவச மென்பொருளிலும் இப்படி வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். 8 தடம், அதற்கு மேல் கிடையாது. இரண்டு பார் (எட்டுத் தட்டு) நீளத்தில் ஒரே லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு. முதலில் கிக் (கனத்த அடி), பிறகு கிளாப் (கைத்தட்டல்), பிறகு பேஸ் (கீழ்ச் சுருதி) ஒரே ஒரு வரி. மெலடி வாத்தியம் எதுவும் கூடாது. இப்போது மியூட் பட்டன்களை மட்டும் வைத்து மூன்று நிமிடம் பாட்டை நகர்த்துங்கள்.

வழக்கமாக இங்கே கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, வெறுமையாக இருக்கிறதே என்று பயந்து நடுவில் பேட் எனப்படும், நீண்டு நிற்கும் பின்னணிச் சத்தத்தைப் போட்டு நிரப்புவது. குரல் உட்கார வேண்டிய 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையான இடம் அடைபட்டுப் போகும், ராப் புரியாது. இரண்டு, பேஸ் ஓய்வே எடுக்காமல் ஓடுவது. கிக் விழும் இடத்தில் பேஸ் ஒதுங்கவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். பேஸ் நோட்டைச் சின்னதாக வெட்டி, கிக்குக்கு அடுத்த படியில் வையுங்கள். ‘அருளர்’ ஆல்பம் முழுக்க அந்த இடைவெளி காதில் விழும்.

தோல்வாத்தியம்:

உறுமி கேள்விக்கு வருகிறேன். ‘கலா’வில் இரண்டு பாட்டு: ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’. முதலில் ‘பேர்ட் ஃப்ளூ’ கேளுங்கள், அதில் தோல் முழுசாக வெளியே தெரியும். ‘பாய்ஸ்’ஸில் கரீபியன் ஆட்டத் தாளமான சோகாவோடு கலந்திருப்பதால் தேட வேண்டும்.

அதற்கு முன் ஒரு திருத்தம். ‘பேர்ட் ஃப்ளூ’வில் கேட்பது எல்லாமே அவர் சென்னையில் புதிதாகப் பதிந்தது அல்ல. ‘ஜெயம்’ படத்தில் ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த ‘திருவிழான்னு வந்தா’ பாட்டும் அதற்கு அடிப்படை. ஆல்பத்தின் குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது. அதேபோல் ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜா இருக்கிறார். ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’, 1991. அதே பாட்டின் தொடக்க வரிகள் ஜோனாதன் ரிச்மனின் ‘ரோட்ரன்னர்’ பாட்டிலிருந்து வந்தவை. ஒரு அமெரிக்கக் கார் பாட்டையும் போகிப் பண்டிகைப் பாட்டையும் ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறார். இதை விமர்சனங்களில் ‘பாலிவுட் சாம்பிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பாலிவுட் வேண்டுமென்றால் ‘ஜிம்மி’ இருக்கிறது, 1982 ‘டிஸ்கோ டான்ஸர்’, பப்பி லஹிரி. இது கோடம்பாக்கம்.

உறுமி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இடை சிறுத்த உடல், இரண்டு பக்கமும் தோல். வலது பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். இடது பக்கத்தை அடிப்பதில்லை; வளைந்த குச்சியின் முனையை அழுத்தித் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பற்றி, வழுக்கி, மறுபடி பற்றும். வயலினில் வில் செய்கிற அதே வேலை. அழுத்தம் கூடினால் தோல் இறுகி ஒலி மேலே ஏறும். அந்த முனகல்தான் உறுமல். பெயரே அதனால்தான்.

இதை எலக்ட்ரானிக் இசையில் சேர்க்கும்போது மூன்று இடத்தில் உடைகிறது.

முதலாவது, கட்டம். குத்துத் தாளங்கள் பலவும் ஒரு தட்டை மூன்றாகப் பிரிக்கும். டிரம் மெஷினின் 16 பட்டன் ஒரு தட்டை நான்காகப் பிரிக்கும். உறுமி அடியை நேராக 16 படியில் போட்டால் நொண்டும். படிகளை 12 ஆக்க வேண்டும், இல்லையேல் டிரிப்லெட் அளவுக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வெட்டும் இடம். உறுமல் ஒரு நோட்டு அல்ல, ஒரு இழுப்பு. லூப்பின் எல்லை இழுப்பின் நடுவில் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஒரு வெட்டுச் சத்தம் வரும். இழுப்பு முடிந்து வலது அடி விழும் இடத்தில் வெட்ட வேண்டும்.

மூன்றாவது, வேகம் மாற்றுவது. பதிந்த உறுமியை மென்பொருளில் நீட்டினால் அடி தாங்கும், உறுமல் தாங்காது. தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் வாத்தியத்தை மாற்றாமல், கிக்கை வாத்தியத்தின் வேகத்துக்கு வைப்பதுதான் வழி. ‘கலா’வின் முக்கியத் தயாரிப்பாளர் ஸ்விட்ச். தோல் முன்னால் நிற்க, மெஷின் அதன் பின்னால் ஓடுகிற மாதிரி மிக்ஸ் இருக்கும். அந்தக் காலத்து ‘உலக இசை’ ரீமிக்ஸ்களில் இது தலைகீழாக இருக்கும்: மெஷின் முன்னால், தோல் அலங்காரம்.

ரஹ்மானோடு சேர்ந்து இசையமைப்பதாக இருந்தது, நடக்கவில்லை. ஆனால் சென்னையில் அவருடைய ஸ்டுடியோவைப் பயன்படுத்தவும் வாத்தியக்காரர்களைப் பிடிக்கவும் அவர் உதவினார். ‘ஓ சாயா’ அதற்குப் பிறகு வந்தது.

வெள்ளைத்தாள்:

அம்மா பெயரைத் தப்பாக எழுதியதற்கு மன்னிக்கவும், கட்டுரையில் எல்லா இடத்திலும் ‘கலா’ ஆக்கியாகிவிட்டது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் அடி கேட்கிறது, ஆனால் முனகல் கேட்கவே இல்லையே?

தோல்வாத்தியம்:

போனின் ஸ்பீக்கரில் கேட்டால் கேட்காது. அந்தக் குட்டி ஸ்பீக்கர்கள் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. உறுமலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. மிஞ்சுவது குச்சியின் ‘டக்’ மட்டும். காதை மூடும் ஹெட்போன் போடுங்கள், ஒலியைப் பாதியில் வையுங்கள். இன்னொரு வழி: கோயில் கொடையில் வாசிக்கும் உறுமி மேளத்தின் பதிவு ஏதாவது ஒன்றை முதலில் ஐந்து நிமிடம் தனியாகக் கேளுங்கள். காதுக்கு அந்த ஒலி அறிமுகமான பிறகு பாட்டுக்குள் அதுவே உங்களைத் தேடி வரும்.

இரண்டுஉரிமை:

‘பேப்பர் பிளேன்ஸ்’. “அவருடையதே அல்ல” என்பவர்கள் சாம்பிள் என்றால் என்னவென்று குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு பதிவில் இரண்டு உரிமை இருக்கிறது. பாட்டு (மெட்டும் வரியும்) ஒன்று. ஒலிப்பதிவு மற்றொன்று. பழைய பதிவின் ஒரு துண்டை அப்படியே வெட்டி ஒட்டினால் இரண்டு பேரிடமும் அனுமதி வாங்க வேண்டும். மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாடினால் பாட்டின் உரிமையாளரிடம் மட்டும்.

இங்கே தொடக்கத்தில் வரும் கிட்டார், தி கிளாஷ் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’, 1982. நேரடிச் சாம்பிள். அதனால் எழுதியவர்கள் பட்டியலில் ஆறு பெயர்: மாயா, தயாரிப்பாளர் டிப்ளோ, பிறகு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன், ஹெடன் என்று கிளாஷ் நால்வரும். கோரஸின் சாயல் ரெக்ஸ்-என்-எஃபெக்ட்டின் 1992 ‘ரம்ப் ஷேக்கர்’. இந்தக் கோரஸைத்தான் ஆராய வேண்டும் என்பது என் எண்ணம். “நான் செய்ய விரும்புவதெல்லாம்” என்று வாக்கியம் தொடங்கும். வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் துப்பாக்கிச் சத்தம். அடுத்து தோட்டா ஏற்றும் ‘கிளிக்’, கல்லாப்பெட்டி மணி. அதன்பிறகுதான் “உன் காசை எடுத்துக்கொள்வது”. சத்தங்கள் பாட்டுக்குப் பின்னணி அல்ல, அவையே சொற்கள். இலக்கணத்தில் அவற்றுக்கு இடம் இருக்கிறது. தொலைக்காட்சியில் சுடும் சத்தத்தை மாற்றியபோது அவர் கோபப்பட்டதற்கு அரசியல் காரணத்தோடு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்: வாக்கியத்தில் வினைச்சொல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

வேகம் நிமிடத்துக்கு 86 தட்டு அளவில். ராப்புக்கு நிதானமான வேகம். குரலில் அவசரமே இல்லை, கிட்டத்தட்ட தாலாட்டு. வரிகளோ போலி விசா அச்சடிப்பது பற்றி. 2006இல் அமெரிக்க விசா சிக்கலில் மாட்டியதும், ஆல்பத்தை இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றிச் சுற்றிப் பதிய நேர்ந்ததும் பின்னணி.

வரிசை முக்கியம். பாட்டு 2007 ஆல்பத்தில் வந்தது. அப்போது பெரிதாக ஏறவில்லை. 2008இல் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ படத்தின் டிரெய்லரில் வந்த பிறகுதான் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100இல் 4ஆம் இடம் வரை போனது. பிறகு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’. “ஸ்லம்டாக்கால் பிரபலமான பாட்டு” என்று எழுதினால் வரிசை தலைகீழாகிவிடும்.

அதோடு அதே பாட்டில் அவர் சொன்ன ஒரு வரியைச் சாம்பிள் செய்துதான் டி.ஐ., ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வேய்ன் நால்வரின் ‘ஸ்வாகா லைக் அஸ்’ வந்தது. அதன் பட்டியலிலும் கிளாஷ் பெயர்கள் வரும். 1982 பாட்டிலிருந்து 2007, அதிலிருந்து 2008. பங்கு பிரித்துக்கொண்டே போகும். 2009 பிப்ரவரி 8 கிராமி மேடையில் அந்த நால்வரோடு அவர் ஆடியது பிரசவத்துக்குக் குறித்திருந்த அதே நாளில். மூன்று நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. அந்த வருடம் ‘ஆண்டின் சிறந்த பதிவு’ பிரிவில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பரிந்துரை மட்டும், விருது இல்லை.

எதுகைமோனை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தலைப்பில் ‘ராப்பர்’ என்று போடுவது சரியா? வரிக்கு வரி உள்எதுகை அடுக்குவது, மூச்சு விடாமல் ஓடுவது, இதெல்லாம் அவரிடம் கிடையாது. அமெரிக்க ராப்பர்கள் மிஸ்ஸி எலியட்டோ லாரின் ஹில்லோ பக்கத்தில் வைத்தால் எழுத்து மெலிவாகத்தான் தெரிகிறது. கோஷம் போடுகிறவர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

நான்குதடம்:

கோஷம் என்பது சரியான சொல்தான், ஆனால் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ராப்பில் அடுக்கு ஒரு வழி. இன்னொன்று ஜமைக்காவின் டான்ஸ்ஹால் வழி: குறைந்த சொல், தாளத்தின் மேல் சரியான இடத்தில் அடி. ‘கலாங்’ இரண்டாவது குடும்பம். ‘பக்கி டன் கன்’ இன்னும் வேறு, ரியோவின் பைலே ஃபங்க். அங்கே குரலே ஒரு டிரம்.

அளந்து பார்க்க ஒரு வழி: ஒரு வரியை எடுத்து, எந்த அசை தட்டின்மேல் விழுகிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்கு ராப்பில் தட்டுக்கு மூன்று நான்கு அசை வரும். இவரிடம் ஒன்று இரண்டுதான் வரும், ஆனால் பாதி அசைகள் தட்டுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி விழும். வேண்டுமென்றே சோம்பலாக. அப்படித் தள்ளாமல் நேராகச் சொன்னால் அதே வரி பள்ளிக்கூட ஒப்புவித்தல் ஆகிவிடும். அவரை நகல் செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். வரியை எடுத்துக்கொள்கிறார்கள், தாமதத்தை விட்டுவிடுகிறார்கள்.

‘பேட் கேர்ள்ஸ்’ கோரஸில் இந்தச் சோம்பல் இன்னும் தெளிவு. 2010 கடைசி நாளில் இலவசமாக விட்ட ‘விக்கி லீக்ஸ்’ மிக்ஸ்டேப்பில் குட்டி வடிவமாக இருந்து, 2012இல் முழுப் பாட்டானது. தயாரிப்பு டான்ஜா. மொராக்கோவில் ரோமன் காவ்ராஸ் எடுத்த வீடியோவுக்கு அந்த வருட எம்.டி.வி. விழாவில் இயக்கம், ஒளிப்பதிவு இரண்டுக்கும் விருது.

எதுகைமோனை:

குறித்துப் பார்த்தேன். தாமதம் உண்மைதான். எழுத்து மெலிவு என்பதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

கரவெட்டிக்காற்று:

சூப்பர் பவுல் விட்டுப்போனது. 2012 பிப்ரவரி 5, இண்டியானாபோலிஸ். மடோனாவின் இடைவேளை நிகழ்ச்சியில் நிக்கி மினாஜோடு விருந்தினர். தன் வரியில் ஒரு சொல்லின் இடத்தில் நடுவிரலைக் காட்டினார். நேரலை என்றாலும் ஒளிபரப்பில் சில விநாடி தாமதம் வைத்து மறைப்பது வழக்கம். மறைக்கும் ஏற்பாடு இருந்தும் பிந்திவிட்டது என்று, ஒளிபரப்பிய என்.பி.சி. மன்னிப்புக் கேட்டது. திரை மங்கியபோது விரல் போய்விட்டிருந்தது.

போட்டியை நடத்தும் என்.எஃப்.எல். அவரிடம் முதலில் 15 லட்சம் டாலர் கேட்டது. பிறகு 2014இல் கூடுதலாக ஒரு தொகை சேர்த்து மொத்தம் 1 கோடியே 66 லட்சம் டாலர் ஆக்கியது. அதே வருடம் ஆகஸ்டில் சமரசம். நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. “1.66 கோடி அபராதம் கட்டினார்” என்று எழுதிவிடாதீர்கள். கேட்ட தொகை வேறு, தீர்ந்த தொகை வேறு.

பிற்பகுதியைச் சுருக்கமாகவே வையுங்கள். ‘எய்ம்’ 2016. ‘மாதா’ 2022. அவரைப் பற்றி ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ஆவணப்படம் 2018இல் சன்டான்ஸ் படவிழாவில் சிறப்பு ஜூரி விருது பெற்றது. அதில் அவரே பல வருடம் எடுத்துவைத்த வீடியோக்கள்தான் பெரும்பகுதி, இயக்குநர் கல்லூரி நண்பர். ஹாட் 100இல் முதலிடம் கிடைத்தது 2020இல், டிராவிஸ் ஸ்காட்டின் ‘ஃபிரான்சைஸ்’ பாட்டில் விருந்தினராக. சொந்தப் பாட்டில் உயரம் 4ஆம் இடம்தான்.

வெள்ளைத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பிரிட்டன் அரசு தந்த எம்.பி.இ. பட்டம் சேர்க்க வேண்டுமா? விருதுப் பட்டியலாக முடிக்க மனமில்லை.

கரவெட்டிக்காற்று:

சேருங்கள், ஆனால் பட்டியலில் போடாதீர்கள். 2019 அரசி பிறந்தநாள் கௌரவப் பட்டியலில் பெயர் வந்தது. பதக்கத்தை 2020 தொடக்கத்தில் பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் குத்திவிட்டார். மாயாவின் அம்மா லண்டன் வந்த காலத்திலிருந்து தையல் வேலை. முப்பது வருடத்துக்கு மேலாகக் கையால் தைத்தவற்றில் இந்த அரச பதக்கங்களும் உண்டு. மாயாவே அப்போது அதைச் சொல்லித்தான் ஏற்றுக்கொண்டார். ஆகவே கட்டுரையில் அது வர வேண்டிய இடம் முடிவு அல்ல. ‘கலா’ என்ற பெயர் யாருடையது என்று சொல்லுமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.